உச்சிமாகாளி தோண்டிய மோதிரம்

கழக்கூட்டத்துப் புதுக் குடியிருப்புகளில் டைல்ஸ் ஒட்டுகிற உச்சிமாகாளிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வேலை. மண்ணில் தொலைந்த மோதிரங்களைத் தேடிக் கொடுப்பார். புதையல் ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்கிய ஒரு சாஃப்ட்வேர்க்காரர், ஆறு மாதம் சோடா மூடிகளாகவே எடுத்துச் சலித்து, ஃப்ளாட்டைக் காலி செய்தபோது மெஷினை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். சங்குமுகம் கடற்கரையிலும் ஹாஸ்டல் புல்வெளிகளிலும் இவர் நிறைய மோதிரம் எடுத்திருக்கிறார். தொலைத்தவர் எவரும் தான் தொலைத்ததாகச் சொன்னதில்லையாம். மோதிரம் தானாகக் கழன்று போயிருக்கும். இல்லையென்றால் யாரோ எடுத்திருப்பார்கள்.

ஸ்ரீவராகத்தில் லலிதாம்பாள் மாமியின் நீலக்கல் மோதிரம் கொலு வைத்த அன்று காணாமல் போனது. அந்த வீட்டில் ‘யாரோ’ என்றால் வேலைக்கு வரும் தாசம்மாள்தான். மாமி அவளைத் திருடி என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் வாய் விடுகிற குடும்பம் இல்லை. மோதிரம் கிடைக்கும்வரை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தெருவில் அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளுக்கும் நடந்து போய், வரவேண்டாம் என்று தான் சொன்னதையும் சொன்னார். மூன்று வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். அதில் பக்கத்து வீட்டில்தான் நான் சமைக்கிறேன்.

இருந்த நாலு வீடும் போன பிறகு, தாசம்மாள்தான் விசாரித்து உச்சிமாகாளியைக் கூட்டிவந்தாள். மாமியின் கணவர் சேஷன் மாமா, வீட்டுக்குள் தானே சல்லடை போட்டுத் தேடியாயிற்று என்று சொல்லி, மெஷினைக் கொல்லைக்கு அனுப்பினார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஓர் ஆணி, இரண்டு மூடி. கறிவேப்பிலை மரத்தடியில் மெஷின் விடாமல் கத்தியது. நாலு விரல் ஆழத்தில் ஒரு மண்கட்டி. அதற்குள் நீலக்கல்.

தாசம்மாள் முகத்தில் சிரிப்பு வந்து முடிவதற்குள் மாமி சொன்னார்: “பாத்தேளா, பொதைச்சு வெச்சிருக்கா.”

மோதிரம் கிடைக்காதவரை சந்தேகம்தான் இருந்தது. கிடைத்ததும் சாட்சியும் சேர்ந்துகொண்டது.

உச்சிமாகாளி வாதாடவில்லை. கட்டியை உடைக்காமல் மாமாவிடம் நீட்டினார். மோதிரத்துக்குள் புகுந்து வெளியே வந்திருந்தன மெல்லிய வெள்ளை வேர்கள். மேலே வாடிய முளைகள்.

“இதுல மொளச்சிருக்கது என்னது சாமி?”

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கடுகுன்னா இது? கொலு பார்க்குல புல்லுக்காகப் போட்டது. கொலு கலைச்சன்னிக்கு நான்தான் இங்க கொட்டி மண்ணால மூடினேன்.”

“வெதச்சது யாரு?”

“வேற யாரு, இவதான். மண்ணும் இவளே பிசைஞ்சா. மடியா இருக்கணும்னு தாசம்மாவ அந்த ரூம் பக்கமே விடலையே.”

யாருக்கு எதிராகப் பேசுகிறோம் என்பது பேசி முடித்த பிறகுதான் மாமாவுக்குத் தெரிந்தது. ஈரக்கையிலிருந்து நழுவிய மோதிரத்தின் மேல் மாமியே கடுகு தூவியிருக்கிறார். ஒன்பது நாளும் சுண்டல் வாங்க வந்தவர்கள் அந்தப் பார்க்கைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாமி கட்டியை உடைத்து மோதிரத்தை எடுத்துக்கொண்டார். பிறகு, “அம்பாள் வெளையாடியிருக்கா,” என்றார். தாசம்மாளை நாளைக் காலை வேலைக்கு வரச் சொன்னார்.

“அத அந்த மூணு வீட்லயும் நடந்து போய் சொல்லுங்கம்மா,” என்றாள் தாசம்மாள். “பொறவு பாக்கலாம்.”

அன்று மாலையே மாமி எங்கள் வாசலுக்கு வந்தார். மோதிரம் கிடைத்ததையும் அம்பாளின் விளையாட்டையும் சொல்லிவிட்டு, “நான் அவளைத் தப்பா ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்கள்ளாம்தான் அவசரப்பட்டு நிறுத்திட்டேள்,” என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் தாசம்மாள் மூன்று வீட்டுக்கும் வேலைக்கு வந்தாள். மாமி வீட்டுப் பாத்திரங்களை இப்போது மாமா தேய்க்கிறார்.