மஞ்சள் கோட்டுக்கு வெளியே

போன செவ்வாய்க்கிழமை மறைமலைநகரில் ஒரு மீட்டிங். கார் கம்பெனிகளுக்குப் பார்ட்ஸ் செய்து தரும் சின்ன ஷெட்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். ஏசி ஹால். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா. பேச வந்தவர் சென்னை கன்சல்டன்ட். முப்பது வயது இருக்கும். நன்றாகத்தான் பேசினார்.

கடைசியில் திரையில் ஒரு படம் போட்டார். ஆபீஸ் வாசல். வாசலில் ஒரு ஜோடி செருப்பு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. "செருப்பையும் சாமியையும் வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்க சார். அப்பதான் தொழில் தொழிலா இருக்கும்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

எனக்குப் படிப்பு எட்டாவதுதான். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எழுந்து நின்று எதிர்த்துப் பேச வராது. கை தட்டாமல் உட்கார்ந்திருக்க வரும்.

ஏன் தட்டவில்லை என்று கேட்டால், பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம். என்னிடம் இரண்டு பவர் பிரஸ், பதினோரு ஆட்கள். தகட்டை அடித்து பிராக்கெட் செய்கிற வேலை. கார் சீட்டுக்கு அடியில் போகும் பிராக்கெட் ஒன்றுக்கு ஆர்டர் கிடைக்கும் போலிருந்தது. கிடைத்தால் இரண்டு பிரஸ்ஸும் ஓடும். கிடைக்காவிட்டால் இரண்டாவதைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். அதில் நிற்கிற ஐந்து பேரை வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

ஆர்டருக்கு முன்னால் ஆடிட். கணக்கு ஆடிட் இல்லை, தர ஆடிட். கம்பெனியிலிருந்து இன்ஜினீயர் வந்து ஷெட்டைப் பார்த்து, சரி என்று எழுத வேண்டும். அவர் வருகிற தேதி மார்கழியில் விழுந்தது.

நான் மாலை போட்டிருந்தேன்.

சபரிமலைக்கு மாலை. கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். ஷெட்டில் என்னோடு இன்னும் நாலு பேர். எங்கள் குருசாமி ஏழுமலை, பதினெட்டு தடவைக்கு மேல் மலை ஏறியவர். ஷெட்டில் அவர் செட்டர். பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டி, அளவு வைத்துக் கொடுப்பவர். பகலில் நான் அவருக்கு முதலாளி. சாயந்திரம் பூஜையில் அவர் காலில் நான் விழுவேன்.

இதற்கே பேச்சு வந்தது. செட்டர் காலில் விழுந்தால் மறுநாள் அவனை எப்படி வேலை வாங்குவாய் என்று பக்கத்து ஷெட்காரர் கேட்டார். மறுநாள் ஏழுமலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார். அதுதான் பதில்.

மாலை போட்டால் எல்லாரும் சாமி. டீக்கடைக்காரர் சாமி. லாரி டிரைவர் சாமி. கேட்டில் படுத்திருக்கும் நாயும் சாமி. திட்டுவதாக இருந்தாலும் சாமி என்று சொல்லித்தான் திட்ட வேண்டும்... பாதிக் கோபம் அந்த வார்த்தையிலேயே இறங்கிவிடும்.

ஆனால் பிரஸ் ஷாப்பில் வெறுங்கால் ஆகாது. தகடு கத்தி மாதிரி. அதனால் தரையில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டினால் பூட்ஸ் வேண்டும். நானே போட்ட சட்டம். மாலை போட்டவர்களுக்கு ஏழுமலை ஒரு வழி சொன்னார். தோல் வேண்டாம், ரப்பர் பூட்ஸ் போடலாம், கோட்டுக்கு வெளியே வந்ததும் கழற்றிவிடலாம். நாலு பேரும் சரி என்றார்கள்.

நான் மட்டும் போடவில்லை. எனக்கு மெஷினில் வேலை இல்லையே. கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாலை போட்ட நாளிலிருந்து என் ஷெட்டுக்குள் நானே போகவில்லை.

ஆடிட் அன்று காலை என் மச்சான் தேவராஜ் கையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸோடு வந்தான். என் மனைவியின் தம்பி. கம்பெனிகளிடம் பேசி ஆர்டர் பிடிப்பது அவன் வேலை.

"குருசாமியே போடலாம்னுட்டாரு. ஒரு மணி நேரம் போட்டுக்கினா இன்னா சாமி ஆயிடும்? மொதலாளி வெளிய ஒக்காந்துகினு இருந்தா வர்றவன் இன்னா நெனைப்பான்?"

"நீ கூட்டிகினு போய் காட்டு. நான் இங்கதான் கீறேன்."

"பேஜாரு பண்ணாத சாமி. இன்னிக்கி ஒரு நாளு."

பிடிவாதம் என்று நினைப்பீர்கள். பிடிவாதம்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினம் போகிற வழியில். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். ஊர்த் தெரு வழியாகப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'டேய்'தான். ஒரு வருஷம் அப்பா மாலை போட்டார். அதே தெருவில் வெறுங்காலோடு நடந்தார். டேய் என்ற அதே வாய்கள் சாமி என்றன. ஒரு மண்டலம்.

மாலையைக் கழற்றிய மறுநாள்... திரும்ப டேய்.

அப்பாவைச் செருப்பைக் கழற்று என்றார்கள். என்னைப் பூட்ஸைப் போடு என்கிறார்கள். என் காலைப் பற்றி எத்தனை பேர்தான் முடிவு செய்வார்கள்?

இன்ஜினீயர் வந்தார். அணுமின் நிலைய குவார்ட்டர்ஸில் வளர்ந்தவராம். அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடித்தது. நான் கோட்டுக்கு வெளியே நின்று வணக்கம் சொன்னேன். உள்ளே வரமாட்டேன் என்றும், ஏன் என்றும் சொன்னேன். என் காலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். தேவராஜோடு உள்ளே போனார்.

எது கேட்டாலும் பதில் சொல்ல உள்ளே நான் இல்லை. முதல் தடவையாக என் ஷெட் எனக்காகப் பேசப்போகிறது.

சாப்பாட்டு நேரம். பிரஸ் நின்றது. உள்ளே பேசுவது வெளியே கேட்டது. இன்ஜினீயர் கையில் ஃபர்ஸ்ட் பீஸ் ரிஜிஸ்டர். ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் அடிக்கிற பீஸை அளந்து, அதில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினை ஓட்ட வேண்டும். சட்டம் அப்படி.

"போன மாசம் பாதி வரைக்கும் ஒரே பேனா, எல்லாம் ஓகே. அதுக்கப்புறம் தினம் ஒரு பேனா. ரெண்டு இடத்துல ரிஜெக்ட்னுகூட இருக்கு. என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

தேவராஜ் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை சொல்லிவிட்டார்.

"மாலை போட்டோம் சாமி. அதுக்கு முன்ன சனிக்கெழம மத்தியானம் ஒக்காந்து, வாரத்துக்கும் சேத்து ஓகே எழுதிடுவோம். மாலை போட்டுகினு பொய் எழுத முடியாதுல்ல?"

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

இன்ஜினீயர் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரோடு கோடு வரைக்கும் வந்து என் எதிரில் நின்றார்.

"மாலையை எப்ப கழட்டுவீங்க?"

"தை ரெண்டாந்தேதி."

"அதுக்கப்புறம்?"

நான் அவர் கையிலிருந்த ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அந்தப் பழைய ஓகேக்கள் எல்லாவற்றின் கீழேயும் என் கையெழுத்து இருந்தது. தெரியாமல் போட்டேன் என்று எழுதினால் இன்றைக்கு இந்தப் பக்கமும் பொய் ரிஜிஸ்டர் ஆகிவிடும். தெரிந்தேதான் போட்டேன்.

மாலை இருக்கிற வரைக்கும் சாமி, கழற்றினால் டேய். எங்கள் ஊர் அப்பாவுக்குச் செய்ததைத்தான் நான் என் ஷெட்டில் ரிஜிஸ்டருக்குச் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது ஆர்டர் தர முடியாது, பங்குனியில் திரும்ப வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார். "நீங்க பூட்ஸ் போடலைன்னு எழுதல சார். நீங்க கோட்டைத் தாண்டலையே."

கார் போனதும் தேவராஜ் கத்தினான். ஏழுமலையை இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றான். சாமி என்பதையும் மறந்துவிட்டான்.

"இன்னாத்துக்கு அனுப்பறது? நெஜத்த சொன்னதுக்கா, பொய் எழுதினதுக்கா?" என்று கேட்டேன். "பொய்யின்னா கீழ நானும் கையெழுத்துப் போட்டுகீறேன். என்னை யாரு அனுப்பறது?"

அவன் பூட்ஸை விசிறி எறிந்துவிட்டுப் போனான்.

அன்று சாயந்திரம் பூஜையில் எல்லார் கண்ணும் என் மேல். விழுவானா, மாட்டானா? விழுந்தேன். ஏழுமலை பூசிய விபூதி என் கண்ணில் கொட்டியது.

மலைக்குப் போய் வந்தோம். தை இரண்டாம் தேதி மாலையைக் கழற்றினோம். மூன்றாம் தேதி பூட்ஸ் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "சாமின்னு கூப்பிடறத நிறுத்திக்கலாம். எழுதறத நிறுத்தக் கூடாது."

சொல்வது சுலபம்.

மாசி மாசத்தில் ஒரு சனிக்கிழமை. பழைய கம்பெனி ஒன்றின் லாரி வாசலில் நின்றது. அவசரம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். முதல் பீஸை அளந்தால் ஓரத்தில் பிசிறு, அளவுக்கு மேல். டையைக் கழற்றித் தீட்ட வேண்டும். அன்றைய லோடு போய்விடும். கொஞ்சம்தானே, ஓட்டுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார்.

சொன்னது தேவராஜ் இல்லை. நான்.

ஏழுமலை பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார். என் கழுத்தைப் பார்த்தார். வெறுங்கழுத்து. சத்தம் போடாமல் சொன்னார்.

"மாலையத்தான் கழட்டினோம் மொதலாளி."

லாரி காலியாகப் போனது. அந்தக் கம்பெனியிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ரிஜிஸ்டரில் ஏழுமலை ரிஜெக்ட் என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி ஆன பிறகு நான் நிம்மதியாகப் போட்ட முதல் கையெழுத்து அது.

பங்குனியில் இன்ஜினீயர் வந்தார். இந்தத் தடவை நான் பூட்ஸோடு கூட நடந்தேன். ரிஜிஸ்டரைப் புரட்டி, அந்தச் சனிக்கிழமையில் நின்றார். என்னைப் பார்த்தார். சரி என்று எழுதினார். இரண்டாவது பிரஸ் இன்றைக்கும் ஓடுகிறது. ஏழுமலை இன்றைக்கும் செட்டர். கார்த்திகையில் இன்றைக்கும் அவர் காலில் விழுகிறேன்.

சாமியை வாசலில் விடச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாமியை விட்டுவிட்டு உள்ளே போகிறவன் யார்? சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து வாரம் முழுக்க ஓகே எழுதுகிறவன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ரிசப்ஷனில் ஆளுயரச் சாமி படம் மாட்டி, தினம் மாலை போட்டு, உள்ளே பொய் எழுதும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் சாமி வாசலோடு சரி.

மீட்டிங் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றேன். கன்சல்டன்ட் எனக்குப் பின்னால் தட்டோடு நின்றார். நான் கை தட்டாததைப் பார்த்திருக்கிறார். என் பேச்சில் ஏதாவது பிடிக்கவில்லையா சார் என்று மரியாதையாகக் கேட்டார்.

மற்றதெல்லாம் நன்றாக இருந்தது என்றேன். அப்புறம் இதையும் சொன்னேன்.

"செருப்ப எங்க கழட்டணும்னு மட்டும் எனக்கு யாரும் சொல்ல வேணாம் தம்பி."