மயிலாப்பூர் வகுப்பறையிலிருந்து பெரும்பாக்கம் வரை, டேப்லெட் இல்லாமல்

இந்த வலைப்பூவில் இதுவரை கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, பிச்சாவரம் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. என் மகள் மகிழினிக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. மயிலாப்பூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளை டேப்லெட் மூலம் பேசப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அவளை அங்கே சேர்ப்பதா, அதற்காக விழுப்புரத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குக் குடிபோவதா என்று பார்த்து வர, போன நவம்பரில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். இதே கேள்வியோடு கிளம்பப் போகிற பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் விடியற்காலையில் ரயில் ஏறினால் எட்டரை மணிக்குள் மாம்பலத்தில் இறங்கிவிடலாம். முன்பதிவில்லாப் பெட்டியில் எழுபது ரூபாய்; உட்கார இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஸ்டேஷனை ஒட்டிய தி.நகர் தெரு ஒன்றில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்துப் பையை வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெளியே தூறல்.

பள்ளி இருக்கும் மயிலாப்பூர் லஸ் பக்கம் போக ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். நூற்றைம்பதுக்கு வந்தார். ஐந்து கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரம் ஆனது. "மெட்ரோக்கு தோண்டிப் போட்டுக்கீறான் சார். சுத்திக்கினுதான் போவணும். மழை வேற, பேஜாரா கீது" என்றார். நீங்கள் குழந்தையோடு போவதாக இருந்தால் ஒரு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள்.

பள்ளி ஒரு குறுக்குத் தெருவில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. நான் உட்கார்ந்த வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், ஆறு டேப்லெட்டுகள். ஆசிரியை பெயர் கலா. முதலில் எனக்கே ஒரு டேப்லெட்டைக் கொடுத்து விளக்கினார். திரையில் பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். சிலவற்றைத் தொட்டால் அது சொல்லைச் சொல்லும். சிலவற்றைத் தொட்டால் உள்ளே வேறொரு பக்கம் திறக்கும். 'உடம்பு' என்ற படத்தைத் தொட்டால் தலை, வயிறு, கால் என்று ஒரு பக்கம் வரும். முதலில் வந்தபோது அந்த ஆப் செய்தி வாசிப்பவர் மாதிரி "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றதாம். பிள்ளைகள் யாரும் அதைத் தங்கள் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. கலா டீச்சர் தன் தெருவில் ஒரு பத்து வயதுப் பெண்ணைப் பிடித்து எல்லாச் சொற்களையும் அவள் குரலில் பதிந்திருக்கிறார். இப்போது டேப்லெட் "தண்ணி வோணும்" என்கிறது.

அந்த வகுப்பில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது பவித்ராவை. பதினோரு வயது. பேச்சு கிடையாது. தலையாட்டி ஆமாம், இல்லை சொல்வதும் இன்னும் வசப்படவில்லை. ஆனால் ஆள்காட்டி விரல் அவ்வளவு வேகம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'மாமா', 'சாப்பாடு', 'இல்ல' என்று மூன்று படங்களைத் தொட்டாள். நான் காலையில் சாப்பிடாததை எப்படிக் கண்டுபிடித்தாளோ, வகுப்பே சிரித்தது. மகிழினி என்னை ஒருநாள் இப்படிக் கிண்டல் செய்ய மாட்டாளா என்று நினைத்தேன். குடிபோவது என்று அங்கேயே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஆயா ஒருவர் வந்து டேப்லெட்டுகளைத் துடைத்து, எண் பார்த்து, இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினார்.

"வீட்டுக்குத் தர மாட்டீங்களா டீச்சர்?"

"எனக்குக் குடுத்தனுப்பணும்னுதான் சார் இருக்கு. ஒரு கம்பெனி கொடுத்தது இது. போன வருஷம் ஒண்ணு உடைஞ்சு, ஒண்ணு காணாமப் போச்சு. அதுலேர்ந்து வெளிய போகக் கூடாதுன்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க." முதல் பக்கத்தை மட்டும் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

பவித்ராவை அழைத்துப் போக அவள் அம்மா சுமதி வந்திருந்தார். கூவம் ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசு அகற்றிய பிறகு பெரும்பாக்கம் குடியிருப்பில் இடம் கிடைத்திருக்கிறது. தினமும் மகளோடு மயிலாப்பூருக்கு வந்து, அவள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மயிலாப்பூர் வாடகை நமக்குக் கட்டாது, நானும் அந்தப் பக்கம்தான் வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். "அப்ப எங்ககூட வந்து பாருங்க சார். பஸ்ஸுல இட்டுக்கினு போறது எப்டி கீதுன்னு தெரிஞ்சுக்கினு அப்பால முடிவு பண்ணுங்க" என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மயிலாப்பூர் கோயில் குளத்துப் பக்கமிருந்து அடையாறு, அங்கே மாறி பெரும்பாக்கம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாப் பேருந்து. எனக்கு இரண்டு பேருந்துக்கும் சேர்த்து முப்பது ரூபாய்க்குள்தான் ஆனது. மழையில்லாத நாளில் ஒன்றரை மணி நேரம் என்றார் சுமதி. அன்று அடையாறு தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஜன்னல்களை எல்லாம் மூடி, உள்ளே புழுக்கம்.

திருவான்மியூர் தாண்டியதும் பவித்ரா முன் இருக்கையின் முதுகில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். ஒரே இடத்தில், பிறகு வேறொரு இடத்தில், மறுபடி முதல் இடத்தில். சுமதி பையிலிருந்து அட்டையை எடுத்து மடியில் வைத்தார். பவித்ராவின் விரல் 'உடம்பு' படத்தில் நின்றது.

"ஒடம்பா? இன்னாம்மா, வயித்த வலிக்குதா? காச்சலா?" சுமதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அட்டையில் அதற்கு மேல் பக்கம் கிடையாது. பவித்ராவின் விரல் அட்டையைவிட்டு நழுவி அம்மாவின் மடியில் தட்டிக்கொண்டே இருந்தது.

வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். மகிழினியும் காட்ட மாட்டாள். சில பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. படத்தைத் தொடுவதுதான் பவித்ரா கற்றுக்கொண்டது. அந்தப் படம் மயிலாப்பூரில் பீரோவுக்குள் இருந்தது.

துரைப்பாக்கத்துக்கு முன்னால் அவள் கத்தத் தொடங்கினாள். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். அட்டை ஈரத் தரையில் விழுந்து யாரோ மிதித்தார்கள். பின்னாலிருந்து ஒரு ஆள், "இன்னாமா இது, நாள் பூரா வேலை செஞ்சுட்டு வர்றோம். கொஞ்சம் அடக்கக் கூடாதா?" என்றார். இன்னொருவர் "பாவம், விடுப்பா" என்றார். அந்தப் 'பாவம்'தான் சுமதிக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பளாரென்று மகளின் கன்னத்தில் ஒரு அறை.

பவித்ரா கத்துவதை நிறுத்தினாள். இறங்கும் வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் வாடகை வீடு எதையும் பார்க்கவில்லை. அடுத்த பேருந்திலேயே தி.நகருக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை சேர்க்கை பற்றிப் பேசுவதற்காகப் பள்ளிக்குப் போனேன். சுமதியும் வேலைக்குப் போகாமல் வகுப்பு வாசலில் நின்றிருந்தார். இரவெல்லாம் பவித்ரா தூங்கவில்லையாம், சாப்பிடவில்லையாம். பீரோவைத் திறந்து டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தொட்டாள்.

"பல்லு. வலி."

கலா டீச்சர் வாயைத் திறந்து பார்த்தார். இடது பக்கம், கீழ்க்கடைவாயில் ஈறு உருண்டையாக வீங்கியிருந்தது. அவர் நிமிர்வதற்குள் டேப்லெட் மறுபடி பேசியது.

"அம்மா. அடி. பல்லு."

அந்தப் பத்து வயதுக் குரலில், தெளிவாக. சுமதி அடித்ததும் இடது கன்னத்தில்தான். கலா டீச்சர் அவசரமாக டேப்லெட்டை வாங்கப் போனார். சுமதி குறுக்கே வந்து தடுத்தார்.

"வாங்காதீங்க டீச்சர். சொல்லட்டும். இவ வாயால ஒரு வார்த்த கேக்கணும்னுதான இத்தினி வருசமா அலையறேன்."

பவித்ரா அதையே திரும்பத் திரும்பத் தொட்டாள். சுமதி தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

அடையாறில் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் பல் மருத்துவர் இருக்கிறார் என்று இருவரும் கிளம்பினார்கள். டேப்லெட்டை இரண்டு மணி நேரம் கொடுத்தனுப்ப கலா டீச்சர் கேட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. போனில் கேட்டதற்கு அவர் முடியாது என்றார். சுமதியின் போனிலாவது அந்த ஆப்பைப் போடலாம் என்று முயன்றோம். கணவருடைய பழைய போன். அவர் ராத்திரி வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விடுவார். அந்தச் சின்னத் திரையில் பவித்ராவின் விரல் ஒரே நேரத்தில் மூன்று படங்களின் மேல் விழுந்தது. இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிட்டாள். மழைக்கு முந்தானையை மகள் தலையில் போட்டுக்கொண்டு சுமதி நடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன்.

நான் மகிழினியைச் சேர்க்கவில்லை. சென்னையில் வீட்டுக்கு முன்பணமாக வைத்திருந்த தொகையில் டேப்லெட் வாங்கிவிட்டோம். கலா டீச்சர் பள்ளிக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எங்களுக்குச் சொல்லித் தருகிறார். மகிழினி இதுவரை அதைத் தட்டி எறியத்தான் செய்கிறாள். எங்களால் வாங்க முடிந்தது, சுமதியால் முடியாது என்பதைத் தவிர இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பவித்ராவுக்கும் ஒன்று வாங்கித் தரலாம் என்று பேசினோம். இந்த மாதம் முடியவில்லை. அடுத்த மாதமும் முடியும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் போகும்போது வகுப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கருவி வீட்டுக்கு வருமா? வராது என்றால் எல்லாப் பக்கங்களையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், முதல் பக்கம் போதாது. குரல் உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். போன் திரையை நம்பிப் போகாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில், முடிந்தால் மழை நாளில், நீங்கள் குடியேற நினைக்கும் இடம் வரை ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள்.

இதை எழுதுவதற்கு முன் சுமதியிடம் அனுமதி கேட்கப் போன் செய்தேன். பேர மாத்தி எழுதிக்கோங்க என்றார், மாற்றியிருக்கிறேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம், வீக்கம் வடிந்துவிட்டதாம். டேப்லெட் இன்னும் பீரோவில்தான். எல்லாப் பக்கங்களையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், பஸ் ஆடுகிற ஆட்டத்தில் புரட்டத்தான் கஷ்டமாக இருக்கிறதாம்.

"இப்ப பஸ்ஸுல என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அம்மா, அடின்னுதான் சார். அன்னிலேர்ந்து நா கையே வெக்கல. ஆனா டெய்லி அட்டைய எடுத்தா அதுலதான் வெரல வெக்கிறா. நானும் ஆமாம்மா, அடிச்சேன், அடிச்சேன்னு சொல்லிக்கினு வர்றேன்."