கோட்டைத் தாண்டிய முள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு என்றால் அது நானும் ஒரு மேஜையும்தான். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்காக ஒரு செருப்பு செய்துகொண்டிருந்தேன். ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் அடியிலிருக்கும் சென்சார் கண்டுபிடிக்கும். கணுக்கால் பட்டையிலுள்ள சின்னப் பெட்டி வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்ப, போன் சத்தம் போடும்.

முதல் ஜோடியைப் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டவர் ஜோலார்பேட்டைக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூரில் ஒரு நர்ஸ்தான் அவரை எனக்கு அறிமுகப்படுத்தினார். குதிகாலில் ஆணி ஏறியது தெரியாமல் மார்க்கெட் போய்த் திரும்பியவர். ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

"செருப்பு நல்லாத்தாம்மா வேலை செய்யுது. ரெண்டு வாட்டி கத்துச்சு, உக்காந்துட்டேன். ஆனா இத்தப் போட்டுக்கினு ரேடியோ கிட்ட போனா கரகரங்குது. அது இன்னா?"

"ரேடியோ பழசா இருக்கும்ங்க" என்று சிரித்தேன்.

விற்பதற்கு முன், மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யும் அலைகள் வருகின்றனவா என்று பார்க்க, பெங்களூரில் ஒரு சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டிக்குள் வைக்க ரெடிமேடாக வாங்கிய வயர்லெஸ் மாட்யூல் சான்றிதழோடுதான் வந்திருந்தது, அதனால் பயமில்லை. அந்தச் சான்றிதழ் மாட்யூலுக்கு மட்டும்தான், அதை வைத்துச் செய்த பொருளுக்கு அல்ல என்று படித்திருந்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சுவரெல்லாம் நீலப் பஞ்சுக் கூம்புகள் முளைத்த அறை. நடுவில் மெல்லச் சுழலும் மேஜை மேல் ஒற்றைச் செருப்பு. எதிரே ஆன்டெனா. கதவை மூடிவிட்டு வெளியே திரை முன் உட்கார்ந்தோம். செருப்பிலிருந்து கிளம்பும் அலைகள் எல்லாம் திரையிலிருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எஃப்.எம். ரேடியோ பிடிக்கும் அலைவரிசையில் முள் மாதிரி ஒரு கூர்முனை மட்டும் கோட்டைத் தாண்டி நின்றது. அவருடைய ரேடியோ பழசில்லை என்று அப்போது புரிந்தது.

"ஃபெயில் மேடம்" என்றார் அங்கிருந்த இன்ஜினியர்.

"எதனால வருது சார்?"

"அத நாங்க சொல்லக் கூடாது மேடம். அளந்து குடுக்கறதுதான் எங்க வேலை."

சென்சாரையும் பெட்டியையும் இணைத்த வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். முள் காணாமல் போனது. பெட்டிக்குள் எழும் மின் இரைச்சலை அந்த வயர்தான் ஆன்டெனா மாதிரி வெளியே வீசிக்கொண்டிருந்தது. வயர் இல்லாவிட்டால் அது வெறும் செருப்பு. வயர் மேல் செம்புத் தகட்டுத் தாளைச் சுற்றினேன். முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது. சந்தோஷப்பட முடியவில்லை. ஆம்பூர் திரும்பி, கம்பெனியில் செருப்பை மடக்கி மடக்கிச் சோதிக்கும் மெஷினில் மாட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் தாள் விரிசல் விட்டது.

பெட்டியைச் செருப்பின் குதிகால் பகுதிக்குள் கொண்டுபோனால் வயரே வேண்டாம். அதற்கு அடிப்பாகம் வார்க்கப் புது மோல்டு வேண்டும், செலவு அதிகம். முதலாளியிடம் சொன்னேன்.

"ஜாஸ்தி பேஜாராப் போச்சும்மா. அந்தத் தாளைச் சுத்தியே பாஸ் வாங்கிடேன்."

"நடந்தா கிழிஞ்சிடும் சார். பாஸான செருப்பு வேற, ஜனங்க போடற செருப்பு வேறன்னு ஆயிடும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அப்போ விட்டுடு. வெளிய இருக்கற ஜோடியயும் வாங்கிட்டு வந்துடு." கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜோலார்பேட்டைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ரேடியோவே வேணாம்மா. செருப்ப வச்சிக்கறேனே" என்றார்.

"உங்க ரேடியோ மட்டும் இல்லீங்க. அக்கம்பக்கத்துலயும்…" நான் முடிப்பதற்குள் அவர் செருப்பைத் துணியால் துடைத்து, பையில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து நர்ஸ் போன் செய்தார். ஜோலார்பேட்டைக்காரரின் சாதாரணச் செருப்புக்குள், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கல். நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். புண் சீழ் பிடித்து, கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் செய்த செருப்பு காலில் இருந்திருந்தால் கத்தியிருக்குமா? எனக்குத் தெரியாது. சென்சார்களை வைத்தது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும்தான். கட்டைவிரலுக்கு அடியில் வைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி நகர்த்தி, கட்டிலில் இடம் விட்டார்.

"உக்காரும்மா. வெயில்ல வந்திருப்ப."

உட்கார்ந்தேன். சென்சார் விஷயத்தைக் கடைசிவரை சொல்லவில்லை.