மௌனம் என்று எழுதிய அட்டை

பத்தாவதைப் பாதியில் விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சமைத்தவனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். கீழ்பென்னாத்தூர்க்காரன், என் வயதுதான்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். மறுநாள் காலை மொட்டைமாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்தவன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பினான், பதில் இல்லை. வேறு ஊராக இருந்தால் உடனே ஆட்டோ பிடித்திருப்பேன். எங்கள் தெருவில் பேசாமல் இருப்பவர்கள் ஏராளம். கழுத்தில் ‘மௌனம்’ என்று அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இட்லி வாங்க வருவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று நானே ஓர் அட்டை எழுதி அவன் கழுத்தில் மாட்டினேன். தங்க வந்திருந்த ஓர் அம்மாள் அவன் காலடியில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவன் வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன்.

அடுத்த நாள் காலை அவனுக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில், மூளையில் கிருமித் தொற்று என்றார்கள். சாயங்காலம் மூச்சு வாங்கியது. இ.சி.ஜி. மாரடைப்பு போலக் காட்டியது. ரத்த நாளம் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் இதயத்தில் அடைப்பு எதுவும் இல்லை. சேதி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த அவனுடைய அக்காவையும் என்னையும் டாக்டரம்மா கூப்பிட்டார்.

“மூளைக்கு வந்த அதிர்ச்சியில ஒடம்புல சுரக்கிறதெல்லாம் ஜாஸ்தியா சுரந்திருக்கு. அதுல இதயத்தோட தசை மரத்துப்போச்சு. பாதி இதயம் சுருங்காம பலூன் மாதிரி உப்பி நிக்குது. இந்த ரெண்டு மூணு நாள தாண்டிட்டா பெரும்பாலும் பழையபடி வந்துரும். தாண்டணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “பேச்சு எப்ப நின்னுச்சு?”

இன்று காலையில்தான் என்று சொல்லிவிட்டு அன்றே பஸ் ஏறியிருக்கலாம். அப்படி விட்டு வந்த ஊர்கள் எனக்கு உண்டு.

“நேத்து காலையிலேருந்துங்க,” என்றேன். அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

வெளியே வந்ததும் அக்கா, “ஜொரக்காரன் பேசலன்னா நெத்திய தொட்டுப் பாப்பாங்க. நீ அட்டைய மாட்டிவிட்டிருக்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதன்பின் மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதியை என் பக்கம் தள்ளிவைப்பாள்.

நெஞ்சில் ஒரு குறையும் இல்லாதவனின் இதயம், தலையில் நடந்ததற்காக நின்றுவிடப் பார்த்தது. உடம்புக்குள் சேதி போயிருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் வந்து சேரவில்லை. அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் எக்கோ ஸ்கேனில் இதயத் தசை அசையத் தொடங்கியிருந்தது. சில வாரங்களில் இதயம் தேறிவிட்டது. பேச்சுதான் மெல்ல வந்தது. உப்பு கேட்க நினைத்து விளக்கு என்பான்.

கீழ்பென்னாத்தூருக்கு அவனைப் பார்க்கப் போனபோது அவனே கேட்டான்.

“அன்னிக்கு எனக்கு சோறு வெச்சியா?”

“வெச்சேன். நீ தொடல.”

“யாரு ஆக்குனது?”

“நாந்தான்.”

அவன் முகத்தைச் சுளித்தான். “அப்ப நான் தொடாததுல ஒனக்கு சந்தேகம் வந்திருக்காது.”

பக்கத்தில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

“வந்திருக்கணும்டா,” என்றேன்.