உப்புப்பள்ளம் தாண்டிப் போகும் பஸ்

காலை மணி 7.30. ஊசிக்குட்டை நிறுத்தத்தில் நான் நின்றிருந்தேன். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு விண்ணப்பம் இருந்தது. மகள் தரணியைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதற்கானது. அதைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊசிக்குட்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்பு நாங்கள் தனிப் பஞ்சாயத்து. இப்போது எங்களையும் பக்கத்துப் பஞ்சாயத்துகளையும் மெயின் ரோட்டுப் பேரூராட்சியோடு சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த பஸ். ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

எங்கள் ஊரில் பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். தரணிக்கு உயிரியல் குரூப் வேண்டும். அது இருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி நகராட்சியின் மறுகோடியில், பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒன்பது மணிக்கு முதல் பாடம். அதற்குள் பஸ்ஸில் போய்ச் சேர முடியும் என்றால் அவள் வீட்டிலிருந்தே படிக்கலாம். முடியாவிட்டால் கொடுமுடியில் அவள் பெரியம்மா வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் சொன்னேன்: “நாளைக்கு நானே அந்த பஸ்ஸுல போய்ப் பாத்துப்போட்டு வாரேன் கண்ணு. ஒம்போதுக்குள்ள போய்ச் சேந்துட்டா ஃபாரத்தை அங்கியே குடுத்துருவேன். சேரலீன்னா திருப்பிக் கொண்டாந்துருவேன். சம்மதமா?”

“சம்மதமுங்கப்பா. ஆனா கடிகாரத்தைப் பாத்து நெசத்தைச் சொல்லோணும். என்ற மனசு நோகும்னு கூட்டிக் கொறைச்சுச் சொல்லக்கூடாது.”

அவள் அம்மா அதற்குள் பரணில் கிடந்த பெட்டியை இறக்கி, துடைத்து, சுவரோரமாக வைத்திருந்தாள்.

7.40. பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வந்து நின்றது. நெற்றியில் சிவப்பு எழுத்துகள் ஓடின. முதலில் எங்கள் ஊர்ப் பெயர், அப்புறம் நடுவில் உள்ள ஊர்கள், கடைசியில் மெயின் ரோடு. எங்கள் ஊர்ப் பெயர் வெளிச்சமாக ஓடி அன்றுதான் பார்த்தேன். ஏற மறந்து இரண்டு முறை படித்தேன்.

“ஏனுங்க, படிச்சு முடிச்சாச்சுன்னா ஏறுங்க. உள்ளயும் எழுதியிருக்குது, உக்காந்துட்டுப் படிக்கலாம்” என்றார் கண்டக்டர்.

ஏறினேன். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். எனக்கு முன் சீட்டில் எங்கள் தெருச் சரசக்கா. பம்பு கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறார். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கொடுத்த காசில்லாச் சீட்டை அவர் பத்திரமாகப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

“அதை எதுக்குங்கக்கா சேத்து வெக்கறீங்க?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் தம்பி. கவர்மென்டு நம்மளச் சும்மா கூட்டிட்டுப் போச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் நம்போணுமில்ல?”

7.50. வண்டி மேற்கே போனது. வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால் எதிரே குருடிமலை கழுவி வைத்தது போலத் தெளிவாகத் தெரிந்தது. நான் மலையைப் பார்த்ததைவிட ரோட்டைத்தான் அதிகம் பார்த்தேன். காரணம் சொல்கிறேன். முன்பு ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லை வரைக்கும்தான் தார் போடும். எல்லை எங்கே என்று பலகை பார்க்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வண்டி தூக்கிப் போடுகிறபோது தெரிந்துவிடும். தெருவிளக்கும் அப்படித்தான். கடைசிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருட்டு. இப்போது ஒரே ரோடு. ஓரத்தில் மூடி போட்ட சாக்கடை. ஒரே உயரத்தில் விளக்குக் கம்பங்கள், கண்ணுக்கு எட்டின வரைக்கும். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கம்பி ஒரு சுற்றுகூடப் பிசகாமல் வரிசையாக உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, அவ்வளவு சந்தோஷம் அந்தக் கம்பங்களைப் பார்த்தபோது.

“எல்லாஞ் சரிதான் தம்பி” என்றார் சரசக்கா. “ரோடு வந்துச்சு, லைட்டு வந்துச்சு. நகராட்சி ஆனதும் நூறு நாள் வேல போச்சே. என்ற நாத்தனா அதுலதான் அரிசி வாங்கிட்டிருந்தா. இப்ப லைட்டுக்குக் கீழ உக்காந்து ரோட்டப் பாத்துட்டிருக்கறா.”

அந்த வேலை கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மட்டும்தான். இதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

8.00. இப்போது உப்புப்பள்ளம். எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். எங்கள் பஞ்சாயத்துக்கும் அடுத்த பஞ்சாயத்துக்கும் இதுதான் எல்லை. நடுவில் ஒரு தரைப்பாலம் இருந்தது. பெரிய வண்டி அதில் இறங்கி ஏறாது. அதனால் எங்கள் பஸ் இந்தக் கரையோடு திரும்பிவிடும். அடுத்த ஊர் பஸ் அந்தக் கரையோடு திரும்பிவிடும். நாங்கள் இந்தப் பக்கம் இறங்கி, பையைத் தலையில் வைத்து, மழைக்காலமானால் செருப்பைக் கையில் பிடித்து, இருநூறு எட்டு வைத்து நடந்து, அந்தப் பக்கம் போய் வேறு பஸ் ஏறுவோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இப்படித்தான்.

இப்போது அங்கே உயரமான பாலம் நிற்கிறது. எட்டுத் தூண்கள். இரண்டு பக்கமும் நடப்பதற்கு மேடை. பஸ் அதன்மேல் ஏறி நேராகப் போகிறது. அதற்காகத்தான் இந்த பஸ்ஸே.

வண்டிக்குள் ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல், அழகாகச் சொன்னது: “அடுத்த நிறுத்தம், உப்புப்பள்ளம்.”

பிள்ளைகளே, அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். முதலில் யார் எழுந்தது என்று தெரியவில்லை. சரசக்கா பையைத் தூக்கினார். பின்சீட்டுப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டி நின்றது, கதவு திறந்தது, பதினைந்து பேரும் வரிசையாக இறங்கினோம். நானும்தான். பஸ் நேராகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சோதிக்கத்தான் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தேன். தெரிந்திருந்தும் கால் தானாக எழுந்து நடந்தது.

இறங்கியதும் பாலம் வாயை அடைத்துவிட்டது. நடைமேடையில் ஏறிக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். ரோட்டின் குறுக்கே ஒரு கையகலத்துக்கு இரும்புப் பட்டை பதித்திருந்தார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியும். சூட்டில் மோட்டார் விரிகிற மாதிரி வெயிலில் பாலமும் விரியும். அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கல் மூச்சு விடுவதற்கு ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னால் ஹாரன் கேட்டது. எங்கள் பஸ். எங்களில் பாதிப் பேர் ரோட்டில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். டிரைவர் இன்னொரு தடவை நீளமாக அடித்தார்.

“பாவம், காலி வண்டிய எங்கியோ கொண்டு போறாப்பல” என்றார் சரசக்கா.

வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

8.10. அந்தக் கரையில், பழைய பஸ் வந்து நிற்கும் புளியமரத்தடியில் போய் எல்லோரும் நின்றோம். பக்கத்தில் இட்லிக் கடை வண்டி வைத்திருந்த அம்மா, கரண்டியைக் கையில் பிடித்தபடியே எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

“எந்த பஸ்ஸுக்குங்க நிக்கறீங்க?”

“மெயின் ரோட்டு பஸ்ஸுக்குங்க” என்றேன்.

“இப்பப் போச்சுங்களே, அதானுங்க மெயின் ரோட்டு பஸ். நீங்க வந்த வண்டி.”

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர் அதை அவிழ்த்துவிட்டார்.

“அடுத்தது எப்பங்க வரும்?”

“எட்டே முக்காலுக்குத்தானுங்க. அதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்புடுங்க. இந்த மூணு வாரமா என்ற யாவாரமே உங்கள மாதிரி எறங்கறவங்களாலதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் பத்துக் கிலோமீட்டர். ஆட்டோ ஒன்று வந்தது. கையைத் தூக்கப் போனவன் இறக்கிவிட்டேன். தரணி தினமும் ஆட்டோவில் போகப் போவதில்லை. ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

8.45. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதற்கப்புறம் வழியெல்லாம் அதிசயம்தான், ஆனால் கண் பாதி நேரம் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி பார்த்தேன். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அன்றைக்கே மூடித் தார் போடுகிறதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் தோண்டிய குழியில் கோழி குஞ்சு பொரித்து, குஞ்சு பெரிதாகும். புதுப் பேருந்து நிலையத்தில் வண்டி நான்கு நிமிஷம் நின்றது. தரையில் புடைப்பு வைத்த மஞ்சள் ஓடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். கண் தெரியாத ஒருவர் கோலால் அந்த ஓடுகளைத் தட்டித் தட்டி, யாரையும் கேட்காமல், யார் கையையும் பிடிக்காமல், நேராக எங்கள் பஸ்ஸின் படிக்கு வந்து ஏறினார். தனக்கு வேண்டிய நிறுத்தத்தின் பெயரை அந்தப் பெண் குரல் சொன்னதும் இறங்கிப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

9.20. பள்ளிக்கூட வாசல். உள்ளே ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற சத்தம் கேட்டது. வேப்பமர நிழலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே தரணி எடுத்தாள்.

“போய்ச் சேந்துட்டீங்களாப்பா? மணி எத்தன?”

எட்டே முக்கால் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

“ஒம்போது இருவது கண்ணு.”

“செரிங்கப்பா” என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. “அப்ப ஃபாரத்தைக் கொண்டாந்துருங்க.”

“இரு கண்ணு. பஸ் லேட்டாகல. நாந்தான் நடுவுல எறங்கிப்போட்டேன்.”

“எங்கீங்கப்பா?”

“உப்புப்பள்ளத்துல.”

“ஏனுங்கப்பா? அங்க என்ன வேல?”

“ஒரு வேலயும் இல்ல. எப்பவும் எறங்கற எடமாச்சே, எறங்கிட்டேன். எல்லாருமே எறங்கிட்டம். சரசக்காவுந்தான்.”

சிரிப்பு கேட்டது. முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு. தன் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதும், அம்மா “அட சாமி” என்பதும் கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பி வந்தாள்.

“எறங்காம இருந்திருந்தா எத்தன மணிக்குங்கப்பா போயிருப்பீங்க?”

“பள்ளத்துலிருந்து இங்க வர முப்பத்தஞ்சு நிமிசம் ஆச்சு. அந்த வண்டி எட்டு மணிக்குப் பள்ளத்துல இருந்துச்சு. நீயே கூட்டிக்க.”

கூட்டுவதற்கு அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை.

“நான் எறங்கமாட்டேனுங்கப்பா” என்றாள்.

உள்ளே போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

அலுவலகத்து அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, “ஊசிக்குட்டையிலிருந்தா? தெனமும் வந்துட்டுப் போயிருவாளா?” என்று கேட்டார்.

“வந்துருவாளுங்க” என்றேன். “என்னைய மாதிரி இல்லீங்க அவ.”

10.30. திரும்பும்போது காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் கும்பிடு போட்டார்.

“தெனமும் நாலஞ்சு பேரு எறங்குவாங்க, சத்தம் போட்டுப் பாதிப் பேர ஏத்திக்குவேனுங்க. இன்னிக்கு மிசின்ல பேப்பர் ரோல் மாத்திப்போட்டு நிமுந்து பாக்கறேன், வண்டியே காலி! ஏதோ கல்யாணச் சீருக்கு வரிசையாப் போறீங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்.”

“சீருதானுங்க” என்றேன். “பாலத்துக்குச் சீரு செஞ்சோம்.”

பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று எண்ணுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அந்த இருநூறு எட்டுக்கு நாங்கள் எத்தனை மழைக்காலம் செலவு செய்திருக்கிறோம்! பெரிய பட்டணங்களில் இதைவிடப் பெரிய பாலங்கள் இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை எதுவும் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

பதினோராம் வகுப்பு தொடங்கிய அன்று தரணி 7.40 பஸ்ஸில் தனியாகப் போனாள். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, “வேண்டாமுங்கப்பா, நீங்க வந்தா எறங்கிருவீங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பட்டறையில் இரண்டு காயிலைத் தப்பாகக் கட்டிப் பிரித்தேன். சாயங்காலம் அவள் வந்து பையைக்கூட இறக்கவில்லை, நான் கேட்டுவிட்டேன்.

“உப்புப்பள்ளத்துல என்ன செஞ்ச கண்ணு?”

அவள் யோசித்தாள்.

“எப்ப வந்துச்சுன்னே தெரியலீங்கப்பா. நான் தூங்கிப்போட்டேன்.”