நிரோஜினி கிட்டாரோட புதுக் காது

எம் பொஞ்சாதி நிரோஜினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல வேலை பாக்குறா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போற தாய்மாரு காலையில விட்டுட்டுப் போற கைக்குழந்தைகளப் பாத்துக்கிறது, பால் ஆத்திக் குடுக்கிறது, மூக்கு தொடைக்கிறது, இதுதான் வேலை. அதனால ஊருக்கே அவ டீச்சர். ஞாயித்துக்கிழமையானா வட்டகொடைப் பக்கத்துல எங்க கிறிஸ்தவ சபையில எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பா. இதச் சொன்னதும் புருவத்தத் தூக்குறவங்கள நான் நெறைய பாத்துட்டேன். ஏன், பொம்பள கை பட்டா கம்பி அறுந்துருமா?

அது பழைய ஜப்பான் கிட்டாரு. நுவரெலியாவுல ஒரு ஓட்டல் பேண்டு கலைஞ்சப்ப வித்தது. கல்யாணத்துக்கு முந்தியே அவகிட்ட இருந்துச்சு. எனக்குச் சீதனமா வந்தது அதுவும் அவ கோவமும்தான். த்ரீவீலு ஓட்டிக் களைச்சு வந்து உக்காந்தா, அவ வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டே ரெண்டு பிளேன்டீ குடிச்சிருவேன்.

போன மழைக்காலத்துல அது கத்த ஆரம்பிச்சது. வாசிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. கைய எடுத்துட்டு சும்மா நின்னா ஸ்பீக்கர் பொக்ஸுலருந்து 'கீ'ன்னு ஒரு சத்தம் கெளம்பும். அதுவும் எப்பத் தெரியுமா? பிரசங்கம் முடிஞ்சு எல்லாரும் தலை குனிஞ்சு மௌன ஜெபம் பண்ணுவாங்களே, சரியா அப்பத்தான். மூணாவது வாரமும் கத்துச்சு. தூங்கிட்டிருந்த பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு அழுதுச்சுங்க.

ஆராதனை முடிஞ்சதும் சபைக் கமிட்டித் தலைவர் லோரன்ஸ் அண்ணன் வந்தாரு. மனுசன் கெட்டவரில்ல, ஆனா நாக்குக்கு வேலி கெடையாது. "வயசாகுறப்ப கம்பிய அமத்துற கை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும் டீச்சர். அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படின்னா, பெறகு கீபோர்டு மட்டும் போதும்"ன்னாரு. நாப்பதத் தாண்டினவளுக்கு என்னய்யா வயசு? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரு சட்டையப் புடிச்சிருப்பேன். கோயில்னு பாத்து விட்டேன்.

அவரு சொன்னதக்கூடப் பொறுத்துக்கலாம். அத இவ நம்பிட்டா பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. வீட்டுக்கு வந்து வெரலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. எங் கை போயிருச்சுங்கன்னு ஒரே பொலம்பல். லூசு மாதிரி பேசாதன்னு நான் அதட்டுனேன். ஆனா உண்மையச் சொன்னா எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். கிட்டார் இல்லாத நிரோஜினிய நான் பாத்ததே இல்ல.

பெறகு அவளே போன்ல தேடிப் பாத்துட்டு, கத்துறதக் கொறைக்க பிக்கப்ப மாத்திப் பாக்கலாம்னா. கம்பிக்கு அடியில சின்னச் சின்னப் பெட்டியா இருக்குமே, காந்தத்தச் சுத்தி மெல்லிசு கம்பி சுத்தி வச்சது, அதுதான் பிக்கப்பு. கிட்டாருக்கு அதுதான் காது. அதுக்குக் கேட்டாத்தான் பொக்ஸுல சத்தம் வரும். சரின்னு எந்த பிக்கப்பு வாங்குறதுன்னு பாத்தா, அது ஒரு கடலா இருக்கு. ஒரு சாதி கணீர்னு பேசுமாம், ஆனா பின்னால இரைச்சல் இருக்குமாம். இன்னொரு சாதி தடிச்ச கொரலாம், இரைச்சல் கெடையாதாம். லயத்து வரிசை வீடுகள்ல ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. கிட்டார்ல எத்தன கம்பி இருக்குன்னுகூடத் தெரியாத வேலாயி அக்கா, காசு குடுத்து வாங்குறப்ப பெருசா வாங்குடின்னுச்சு.

கடைசியில ரெண்டு பேரும் கிட்டாரத் தூக்கிக்கிட்டு, நுவரெலியாவுல பஸ் மாறி, இறம்பொடை வளைவெல்லாம் சுத்திக் கண்டியில ஒரு கிட்டார்க் கடைக்குப் போனோம். கடை முதலாளி சிங்களவரு, தலை நரைச்ச மனுசன். இவ சிங்களத்துல எல்லாத்தையும் சொன்னா, கை தடுமாறுது போலன்னும் சேத்துச் சொன்னா. அவரு கிட்டார பொக்ஸுல மாட்டுனாரு. கம்பியத் தொடவே இல்ல. குனிஞ்சு பிக்கப்புகிட்ட வாய வச்சு ஹலோன்னாரு. அந்த ஹலோ பொக்ஸுக்குள்ளருந்து வந்துச்சு. நான் ரெண்டடி பின்னால போயிட்டேன்.

அவரு பொறுமையா வெளங்கப்படுத்துனாரு. காதுக்குக் கம்பி மட்டும்தான் கேக்கணுமாம், இதுக்கு ஊரே கேக்குதாம். உள்ள சுத்துன கம்பி ஆடாம இருக்க மெழுகு ஊத்தியிருப்பாங்களாம். இதுல மெழுகு உருகி ஓடிருச்சு, கம்பி ஆடுது, அதான் கத்துதுன்னாரு. இத வெயில்ல வச்சீங்களான்னு கேட்டாரு.

எங்க ஊர்ல ஏதுங்க வெயிலு! மழை மாசத்துல கால்ல போடுற சப்பாத்துலருந்து வேதப்புத்தகம் வரைக்கும் பூஞ்சணம் பூத்துரும். அதனால கெட்டுப்போகக் கூடாதுன்னு நெனைக்கிற எதையும் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடுறது எங்க வழக்கம். வெறகும் அங்கதான் காயும், கருவாடும் அங்கதான். இவ கிட்டாரு மேல உள்ள பாசத்துல, பையோட சேத்து அதையும் அங்கயே தொங்கவிட்டிருந்தா. மாசக்கணக்கா அதுக்குக் கீழதான் சோறு கொதிச்சுச்சு.

இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு அடுப்புன்னு சொன்னா. முதலாளி மோந்து பாத்தாரு, பொகை வாசம் வந்துச்சு. கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அவ சிரிக்கல. என் தோளப் புடிச்சுக்கிட்டா.

"அப்ப கோளாறு எங் கையில இல்லீங்க,"ன்னா. "எங் கை நல்லாத்தான் இருக்கு."

மெழுகு திரும்ப ஊத்தலாம், ஆனா ஒண்ணு துருவும் பிடிச்சிருக்கு, ரெண்டையும் மாத்துறதுதான் நல்லதுன்னு முதலாளி சொன்னாரு. கடையிலயே வேற வேற பிக்கப்பு போட்ட கிட்டாருங்க மாட்டியிருந்துச்சு, வாசிச்சுப் பாருங்கன்னாரு. இளவட்டம் எல்லாம் இதத்தான் கேக்குறாங்கன்னு மொதல்ல குடுத்தது இடி மாதிரி முழங்குச்சு. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அவ வேணாம்னுட்டா. ஒவ்வொண்ணா எடுத்து ஒரு கீர்த்தனைய மெதுவா வாசிப்பா, அப்புறம் கம்பிய உள்ளங்கையால அமத்திட்டு அசையாம நிப்பா. ஏன் நிறுத்திட்டேன்னு கேட்டேன். வாசிக்கிறப்ப எல்லாமே நல்லாத்தாங்க இருக்கு, வாசிக்காதப்ப எது சும்மா இருக்குதுன்னுதான் பாக்கணும்னா. அப்படி நின்னு நின்னே அந்தத் தடிச்ச கொரல் சாதியில, முழக்கம் இல்லாத ஒரு சோடியத் தேர்ந்தெடுத்தா. முதலாளி அன்னைக்கே கிட்டார்ல பூட்டிக் குடுத்தாரு.

அறுப்பின் பண்டிகை வந்துச்சு. பீடத்துக்கு முன்னால லீக்ஸ், கரட், கோவான்னு நாங்க சொல்ற முட்டைக்கோசு எல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு. பாட்டெல்லாம் நல்லாப் போச்சு. பிரசங்கம் முடிஞ்சு எங்க போதகர் ஐயர் மௌன ஜெபம்னாரு, எனக்கு அந்தக் குளிர்லயும் வேர்த்துருச்சு. அவ கம்பிய அமத்திட்டு நின்னா. நான் கண்ண மூடவே இல்ல. பாத்தா லோரன்ஸ் அண்ணனும் மூடல, பொக்ஸையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஐயர் அன்னைக்குன்னு பாத்து நீட்டிக்கிட்டே போனாரு. தகரத்துல மழை விழுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஆமென்னு வந்தப்ப சபையிலயே பெரிய கொரல் என்னோடதுதான். அப்பாடான்னு பெஞ்சுல சாஞ்சுட்டேன்.

வெளிய அந்த மரக்கறி ஏலம் நடந்துச்சு. ஏலத்துல எடுத்த கோவாவக் கையில வச்சுக்கிட்டு லோரன்ஸ் அண்ணன் எங்ககிட்ட வந்தாரு. அவருக்குக் குடுக்க நான் பதிலு எல்லாம் தயாரா வச்சிருந்தேன்.

"அடுத்த ஞாயிறு என்னா பாட்டு, டீச்சர்?"ன்னாரு.

இத்தன நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, வாயப் பொத்திக்கிட்டு அழுதுட்டா. மனுசன் பயந்துபோயி கோவாவ என் கையில குடுத்துட்டு அவ தலையில கை வச்சாரு. வச்சிருந்த பதிலெல்லாம் விட்டுட்டு, கோவாவக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன்.

"நீங்களே சொல்லுங்கண்ணே,"ன்னேன். "வாசிச்சிருவா."