என் கண்ணும் ஒரு மைப்பொட்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஸ்க்ரூ செய்யும் கம்பெனியில் வேலை. மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். கண்ணை வைத்துப் பிழைத்தவள் நான். அந்தக் கண்தான் ஒரே வருஷத்தில் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. தூங்கும்போதுகூட முழுசாக மூடாது. கை நடுங்கியது, தின்ற சோறு எங்கே போனதென்று தெரியாமல் உடம்பு இளைத்தது.

"இன்னாம்மே மொறைக்கிறே?" என்பார் சூப்பர்வைசர்.

"மொறைக்கல சார், என் கண்ணே இப்டித்தான் கீது."

இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை நிஜமாகவே முறைத்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

கம்பெனியாவது பரவாயில்லை. வீட்டில் அண்ணிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைத் தூக்க எனக்குக் கை பரபரக்கும். பக்கத்தில் போனாலே அண்ணி முந்தானையால் மூடிவிடுவாள்.

"இப்பத்தான் தூங்கிச்சு. அப்பால தூக்கிக்கோ."

முந்தானைக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருக்கும். என் கண் பட்டுவிடுமாம். வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மூன்று மாதம் அந்தக் குழந்தையை நான் தொடவில்லை. கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன்.

கடைசியில் அண்ணன் என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் அறை வாசலில் ஒரு நீள பெஞ்சு. பார்த்ததும் திக்கென்றது. குமணன்சாவடிக்காரி ஒருத்தி, ஆவடிக்காரி ஒருத்தி, லாரி ஓட்டுகிற ஓர் ஆள். எல்லாருக்கும் என் கண்! உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்றல்லவா நினைத்திருந்தேன். ஆவடிக்காரி மடியில் கைக்குழந்தை. அவள் குனிந்து பார்க்க, அது அந்தக் கண்களையே பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தது.

"எங்க தெருவுல யாருக்கும் இல்லியேம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியோட உடம்பே சண்டை போட்டா, சிலருக்குக் கண்ணும் வீங்கிடும். பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். ஊர் ஊருக்கு இருக்காங்கம்மா. உன்னை மாதிரியே தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. அப்புறம் எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது உண்மைதான். என்னைப் போல எத்தனை பேர் என்னைக் கடந்து போனார்களோ, தரையைப் பார்த்தே நடந்ததில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பொரிந்து தள்ளினேன். "அண்ணி, இது நோவு. மாத்திரை குட்த்துக்கிறாங்க. ஆவடிக்காரி ஒர்த்தி இதே கண்ண வச்சிகினுதான் கொயந்தய வளக்குறா. அது கொயுகொயுன்னு கீது, தெரியுமா?"

அண்ணி மை டப்பாவை எடுத்து, குழந்தையின் கன்னத்தில் ஏற்கெனவே இருந்த பொட்டின் மேல் இன்னும் பெரிய பொட்டாக வைத்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வெளியே போகத் திரும்பினேன்.

"நில்லு. கைய நீட்டு" என்று குழந்தையை என்னிடம் கொடுத்தாள்.

அது என் கண்ணைப் பார்த்தது. பிறகு என் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தேய்த்தது. அந்தப் பொட்டு முழுக்க என் முகத்தில் அப்பிக்கொண்டது. அன்றைக்கு நான் முகம் கழுவவில்லை.